மகாராணியின் வகுப்பு

எமில்டா ஆய்வுகூடத்து வாசலில் வந்து நின்றபோது அவளுடைய கன்வஸ் சப்பாத்தில் செம்மண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல்நாள் பின்னேரம் வலயமட்ட வலைப்பந்தாட்டத்தில் அவர்களுடைய பள்ளிக்கூடம் வென்றிருந்தது. பள்ளிக்கூடம் வென்றது என்பதைவிட எமில்டா வென்று கொடுத்தாள் என்பதுதான் நியாயம். வளையத்துக்குக் கீழே நின்று கடைசி நேரத்தில் அவள் எறிந்த பந்து ஒன்றுகூடத் தவறவில்லை. உழவு இயந்திரப் பெட்டியில் தொண்டை கட்டும்வரை பாடிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். காலைப் பிரார்த்தனையில் அதிபர் கமலாசனி கிண்ணத்தைத் தூக்கிக் காட்ட, முழுப் பள்ளிக்கூடமும் கைதட்டியது. அந்தக் கைதட்டல் காதில் இருக்கையிலேயே அவள் இரசாயனவியல் செய்முறை வகுப்புக்கு வந்தாள்.

ஆய்வுகூடம் என்பது பெயருக்குத்தான். கிடுகால் வேய்ந்த நீளக் கொட்டில். நடுவில் இரண்டு மேசை, மூலையில் பூட்டுப்போட்ட ஓர் அலுமாரி. சண்டைக்கும் இடப்பெயர்வுக்கும் பொருளாதாரத் தடைக்கும் தப்பி மிஞ்சியதெல்லாம் அந்த அலுமாரிக்குள் இருந்தது. அதில் அளவி என்று ஒன்றே ஒன்று. கோடுகள் பாதி அழிந்துபோன அந்தக் கண்ணாடிக் குழாயைச் சிவராசா சேர் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்து தாங்கியில் பொருத்துவார். அதன் குமிழைத் திருகி, துளித்துளியாகக் காரத்தை அமிலத்துக்குள் விடுவதற்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முறை கிடைக்கும். அவர் தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எல்லாரோடும் இடம்பெயர்ந்து வந்தவர். புதுக்குடியிருப்பைச் சுற்றியிருந்த மூன்று பள்ளிக்கூடங்களுக்கு உயர்தர இரசாயனவியல் படிப்பிக்க அந்த ஒரு மனிதர்தான். தாய் தகப்பன்மார் அவரை வீதியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்று கதைப்பார்கள். அதிபர்கூட அவருடன் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவா.

"எங்க, ரெண்டு நாளாக் காணேல்லை?" என்று சேர் கேட்டார்.

"மட்ச் சேர். வலயமட்டம்."

"மென்னமிலத்துக்கும் வன்காரத்துக்கும் எந்தக் காட்டி போடவேணும்?"

அமிலம் முடிந்த இடத்தை நிறம் மாறிச் சொல்லும் காட்டிகளைப் பற்றி, அவள் இல்லாத அந்த இரண்டு நாளில் படிப்பித்த பாடம் அது. எமில்டா யோசித்துவிட்டு, "மெதைல் செம்மஞ்சள்" என்றாள். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பிழை என்று அவளுக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும் வரிசையில் அடுத்தது அவளுடைய முறை. அவள் மேசைக்குக் கிட்டப் போய் அளவியின் குமிழைத் திருகக் கையை நீட்டினாள்.

"தொடாதை."

கை அந்தரத்தில் நின்றது.

"உன்ர கைக்கு வலைதான் சரி. பள்ளிக்கூடத்தில வலைப்பந்து, வீட்டில மீன்வலை. ரெண்டுக்கும் நடுவில இந்தச் சாமானை ஏன் மணக்க வைக்கிறாய்?"

வகுப்பு சிரித்தது. முதலில் பின்வாங்கில் இருந்த பெடியள் சிரித்தார்கள், பிறகு எல்லாரும். அவளோடு ஒரே வாங்கில் இருக்கும் அருந்ததி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைத்தான் எமில்டா திரும்பிப் பார்த்தபோது கண்டாள். சிவராசா சேர் எல்லாப் பிள்ளைகளையும் 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். அவளையும் அதுவரை அப்படித்தான் கூப்பிட்டார்.

"ஒண்டில் அது, இல்லாட்டி இது. நாலு பாடம் எடுத்துக்கொண்டு நடுவில பந்தடிக்க நீ என்ன கொழும்பிலயோ இருக்கிறாய்? விளையாட்டை விட்டிட்டாய் எண்டு இராசேஸ்வரி ரீச்சர் என்னட்டை வந்து சொல்லட்டும். அதுக்குப் பிறகு உள்ள வா."

அன்று எமில்டா நடந்தே வீட்டுக்குப் போனாள். வீடு என்பது தறப்பாளும் கிடுகும் சேர்த்துக் கட்டிய ஒன்று. முல்லைத்தீவுக் கரையில் இருந்த கல்வீட்டை விட்டு வந்து மூன்று வருசமாகிவிட்டது. அப்பா யோசெப் இப்போது பெருங்கடலுக்குப் போவதில்லை. ஆழமில்லாத நந்திக்கடல் களப்பில் கால் புதையப் புதைய நின்று இறாலுக்கு வலை வீசிக்கொண்டிருந்தார். அம்மா இராசாத்தி வாசலில் காலை நீட்டி இருந்து, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். எமில்டா நேரே கிணற்றடிக்குப் போனாள். பிழிந்துவிட்டுப் போட்ட தேசிக்காய்க் கோதொன்றை எடுத்து, நகக்கண்ணிலும் விரலிடுக்கிலும் வைத்து உரஞ்சினாள்.

"இறால் உரிச்சனியோடி?" என்று அம்மா அங்கிருந்தபடியே கேட்டாள்.

"இல்லை."

"பிறகேன் தோல் உரியிற மாதிரி உரஞ்சிறாய்?"

எமில்டா கோதை எறிந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினாள். அம்மா வலையிலிருந்து கையை எடுத்து அவளுடைய தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். அப்போது எமில்டா தன்னை அறியாமல் மூச்சை இழுத்து அந்தக் கையை மணந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் கைதான் சோறு தீத்தியது, அந்தக் கைதான் காய்ச்சலுக்கு நெற்றியில் பட்டது. ஒரு நாளும் அதில் ஒரு மணம் இருப்பதாக அவளுக்குத் தோன்றியதில்லை. இன்று மணந்தது. அவள் தலையைச் சற்றே விலக்கினாள். ஒரு நுளம்பு கடித்தால் விலக்குகிற அளவுதான். அம்மா கவனித்தாளோ இல்லையோ தெரியாது. ஆனால் எமில்டா கவனித்தாள். வகுப்பு சிரித்ததை அவள் என்றோ ஒரு நாள் மறந்திருக்கக்கூடும். அம்மாவின் கையிலிருந்து தலையை விலக்க வைத்த அந்த மனிதனை மன்னிப்பதில்லை என்று அந்தக் கிணற்றடி ஈரம் காய முன்னரே முடிவெடுத்துவிட்டாள்.

மன்னிக்கவில்லை என்பதற்காகப் படிப்பை விட முடியுமா? இரசாயனவியல் இல்லாமல் மற்ற மூன்று பாடத்திலும் பொன் கொழித்தாலும் பல்கலைக்கழகம் இல்லை. இராசேஸ்வரி ரீச்சர்தான் வலைப்பந்து அணிக்குப் பொறுப்பு. அவாவிடம் போய் எமில்டா விசயத்தைச் சொன்னாள். ரீச்சர் விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தா. பிறகு, "நான் போய்ச் சொல்லுறன். நீ உன்ர படிப்பைப் பார்" என்றா. சொன்னபடி ஆய்வுகூட வாசலில் போய் நின்று, மாணவர் முன்னால், ஒரு தவறு செய்த பிள்ளையைப்போல, "எமில்டா இனி விளையாட வரமாட்டா சேர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினா. சேர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு எமில்டா படித்த படிப்பைப் பார்த்து அம்மாவே பயந்தாள். விடிய எழும்பி யாம் போத்தல் விளக்கில் தாவரவியல், கிழக்கு வெளுக்கப் பௌதிகவியல் ரியூசன், பள்ளிக்கூடம், அது முடிய விலங்கியல் வகுப்பு, வீட்டுக்கு வந்தால் வெளிச்சம் இருக்கும்வரை இரசாயனவியல். குண்டு விமானம் வர எல்லாரும் பங்கர்க் குழிக்குள் இறங்கினாலும் உள்ளேயிருந்து சமன்பாடுகளை வாய்க்குள் முணுமுணுப்பாள். முந்தி வலைப்பந்துப் பயிற்சிக்குப் போய் வந்த காலத்தில் இதே பாடங்களை அவள் சிரித்துக்கொண்டு படித்திருக்கிறாள். ஓடி வியர்த்து வந்து கிணற்றடியில் குளித்துவிட்டுக் கொப்பியைத் திறந்தால் எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக நிற்கும். இப்போது நேரம் கூடியிருந்தது, தெளிவு குறைந்திருந்தது. தெளிவு குறைந்த இடத்தைக் கோபத்தால் நிரப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாலும் பாடம் ஏறும் என்பதை அவள் அந்த நாட்களில் கண்டுபிடித்தாள். பின்னேரம் செபமாலை சொல்லும்போது, தமக்குத் தீங்கு செய்தவர்களைப் பொறுப்பது பற்றிய வரி வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். குடும்பம் சொல்லி முடிந்ததும் அடுத்த வரியிலிருந்து சேர்ந்துகொள்வாள்.

மாவட்டமட்டப் போட்டியில் அவர்களுடைய அணி தோற்றது. அந்த நேரம் எமில்டா ஆய்வுகூடத்தில் அளவியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். தோற்ற செய்தியை யாரோ வாசலில் வந்து சொன்னார்கள். குடுவைக்குள் காட்டி இளஞ்சிவப்பாக மாற வேண்டிய துளியைத் தாண்டி அவளுடைய கை அதிகம் விட்டுவிட்டது. கரைசல் கடும் ஊதாச்சிவப்பாகப் போயிற்று. சேர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊத்திப்போட்டுத் திரும்பச் செய்" என்றார்.

தவணைப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு அவள்தான் முதலாவது. மூன்று பள்ளிக்கூடங்களுக்கும் ஒரே வினாத்தாள், மூன்றிலும் அவள்தான் முதல். விடைத்தாளைத் தரும் நாளுக்காக அவள் விரதம் இருப்பவளைப்போலக் காத்திருந்தாள். அவர் என்ன சொல்லுவார், அதற்குத் தான் எப்படி நிமிர்ந்து பார்ப்பது என்றெல்லாம் மனதுக்குள் நடித்துப் பார்த்து வைத்திருந்தாள். சேர் தாளை மேசையில் வைத்தார். புள்ளியையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. "அடுத்தது" என்று அருந்ததியின் பெயரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். படித்து வெல்வதால் இந்த மனிதரை வெல்ல முடியாது என்று எமில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் சிரிக்க வைத்தார். அதற்குச் சிரிப்புத்தான் மருந்து.

அந்த மருந்து எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு இராசேஸ்வரி ரீச்சர் காற்றுப்போன பந்துகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தா. எமில்டா உதவிக்குப் போனாள். மாவட்டமட்டத் தோல்வி ரீச்சருக்கு இன்னும் ஆறவில்லை. பேச்சுவாக்கில், "உந்த மனுசன் உன்னை வெருட்டினதை நினைச்சால் எனக்குச் சிரிப்பு வருது" என்றா. "அந்தாளும் நானும் ஒரே ஊர். ஏஎல் படிக்கேக்க உவர் நாடகமெண்டு திரிஞ்சவர். பள்ளிக்கூட நாடகத்தில ராணி வேசம். மாமியின்ர கூறைச்சேலையைக் கட்டிக்கொண்டு மேடையில விழுந்து விழுந்து அழுதார் பார், ஊரே அழுதது. அதுக்குப் பிறகு சின்னப் பெடியள்கூட உவரை மகாராணி எண்டுதான் கூப்பிடுறது. மெடிசினுக்கெண்டு மூண்டு தரம் எடுத்தவர், மூண்டு தரமும் சரிவரேல்லை. தகப்பன் உவரின்ர நாடக ஒப்பனைப் பெட்டியை முற்றத்தில போட்டு எரிச்சது." சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு ரீச்சர் நிமிர்ந்தா. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பிள்ளை. பாவம்."

"இல்லை ரீச்சர்" என்றாள் எமில்டா.

ஐப்பசியில் ஆசிரியர் தினம் வந்தது. வருசம் முழுக்க வாய் திறக்காத பிள்ளைகள் அன்றைக்கு ஆசிரியர்களோடு வாதாடலாம். உயர்தர மாணவருக்கு விளையாட்டும் கலையும் தடையா துணையா என்று விவாதம். ஆசிரியர் அணிக்குத் தலைவர் சிவராசா சேர். மாணவர் அணிக்கு யார் என்று மன்றத்தில் கேட்டபோது எல்லாரும் எமில்டாவின் பக்கம் திரும்பினார்கள். அவளுடைய வாய்க்கு எதிரே யாரும் நிற்பதில்லை. அதிபர் நடுவர்.

பள்ளிக்கூட முற்றத்து மரங்களுக்குக் கீழே எல்லா வகுப்பும் கூடியிருந்தது. கார் பற்றறியில் ஓடிய ஒலிபெருக்கி இடைக்கிடை கரகரத்தது. சேர் எழும்பினார். அவர் நன்றாகப் பேசினார் என்பதை மறுக்க முடியாது.

"கொழும்பிலே ஒரு பிள்ளைக்கு மின்சாரம் உண்டு, ஆய்வுகூடம் உண்டு, நூலகம் உண்டு, பாடத்துக்கு மூன்று ஆசிரியர் உண்டு. எங்கள் பிள்ளைக்கு என்ன உண்டு? ஒரு குப்பி விளக்கும் கொஞ்ச நேரமும். பரீட்சைத் தாள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். திருத்துகிறவருக்கு இந்தப் பிள்ளை பங்கருக்குள் இருந்து படித்தது என்று தெரியாது. எங்களிடம் இருக்கும் ஒரே சொத்து நேரம். அதையும் பந்துக்கும் பாட்டுக்கும் செலவழித்துவிட்டு நிற்கிற பிள்ளைக்கு நாளைக்கு யார் பதில் சொல்லுவது? நான் அனுபவத்தால் பேசுகிறேன்."

எமில்டாவுக்கே ஒரு கணம், இவர் சொல்வது சரிதானே என்று பட்டது. களப்பில் நிற்கும் அப்பாவின் கால்கள் நினைவுக்கு வந்தன. சரியாகச் சொல்லத் தெரிந்த மனிதன் ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னான் என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்தது. அவர் சொன்னது சரி என்பதற்காகவே அவரை இன்னும் கூடுதலாக வெறுத்தாள்.

அவளுடைய முறை வந்தது. நடுவருக்கு வணக்கம் சொன்னாள். விளையாட்டு உடலைத் திடமாக்கும், கலை மனதைத் திறக்கும் என்று வழக்கமானவற்றை வேகமாகச் சொல்லி முடித்தாள். பிறகு குரலை இறக்கினாள்.

"எதிரணித் தலைவர் அனுபவத்தால் பேசுவதாகச் சொன்னார். அது என்ன அனுபவம் என்று சபைக்குத் தெரிய வேண்டாமா? ஒரு ஊரிலே ஒரு மகாராணி இருந்தார். மகாராணிக்கு அப்போது மீசை முளைத்திருந்தது. மாமியின் கூறைச்சேலை, முகம் முழுக்கப் பவுடர். மேடையில் மகாராணி அழுத அழுகையில் ஊரே அழுதது. பரீட்சைப் பெறுபேறு வந்தது. அன்றைக்கு மகாராணி மட்டும்தான் அழுதார். ஒரு தரம் அல்ல, மூன்று தரம்."

முன்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அது பின்னால் ஓடி, மதிலடியில் இருந்த சின்ன வகுப்புகள்வரை போயிற்று. எல்லாருடைய கண்களும் சேரை நோக்கித் திரும்பின. அவர் நிலத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. இராசேஸ்வரி ரீச்சர் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழும்பிப் போனதை எமில்டா கண்டாள். கண்டும் நிறுத்தவில்லை.

"நடுவர் அவர்களே, மகாராணியைத் தோற்கடித்தது நாடகம் அல்ல. மகாராணிக்கு இரசாயனவியல் ஓடவில்லை. தோற்ற மகாராணிகள் தங்கள் கோபத்தில் எங்கள் கையிலிருக்கும் பந்தைப் பறிக்க வேண்டாம். மீன் மணக்கிற கையாக இருந்தாலும், இந்தக் கை மகாராணியின் பாடத்திலே முதலாவதாக வந்த கை."

தொகுப்புரை சொல்வதற்காகச் சேர் எழும்பினார். ஒலிவாங்கிக்குக் கிட்டப் போனார். எங்கேயோ ஒரு மரத்தடியிலிருந்து ஒரு பெடியன், "மகாராணி வாழ்க!" என்று கத்தினான். சேர் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டு திரும்பிப் போய் இருந்துவிட்டார். எமில்டா சிரிப்புச் சத்தத்தின் நடுவே நின்றாள். அந்த இன்பத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. வளையத்துக்குள் பந்து விழும்போது வரும் இன்பம் அதற்குக் கால் தூசு. அன்று வீட்டுக்குப் போய் அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "என்னடி, வெண்டிட்டியோ?" என்று அம்மா கேட்டாள். "ஓம்" என்றாள்.

ஆனால் சிரிப்பை அவிழ்த்துவிட்ட பிறகு திரும்பிக் கட்ட முடியாது என்பது அவளுக்குத் தெரியாமல் இருந்தது. சேரின் சைக்கிள் சந்தியால் திரும்பினால் கடைவாசலில் நிற்கிற பெடியள் குனிந்து கும்பிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பொடிசுகள்கூட வேலிக்குள் ஒளிந்து நின்று கூவின. ஆய்வுகூடக் கதவில் யாரோ கரியால் கிரீடம் கீறிவிட்டார்கள். அவர் அதைத் துடைக்காமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து பாடம் நடத்தினார். சில நாள் அப்படிப் போயிற்று. ஒரு நாள் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றபோது பின்வாங்கிலிருந்து, "உத்தரவு, மகாராணி" என்று ஒரு குரல் வந்தது. எமில்டா திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சிரிப்பு இனி அவளுடையது இல்லை. அவளைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது. சேர் வெண்கட்டியை மேசையில் வைத்தார். வாளித் தண்ணீரில் கையைக் கழுவினார். அலுமாரிப் பூட்டின் திறப்பை அதிபரின் மேசையில் வைத்துவிட்டுப் போனவர் அதற்குப் பிறகு வரவேயில்லை.

மற்ற இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் அவர் போகவில்லை என்று கேள்விப்பட்டார்கள். பரீட்சைக்கு இன்னும் பத்து மாதம்கூட இல்லை, சேதன இரசாயனம் என்ற பெரிய பகுதி தொடங்கவேயில்லை. வகுப்பு அவளை விட்டு விலகியது. மரத்தடியில் அவள் போய் இருந்தால் மற்றவர்கள் எழும்பினார்கள். இராசேஸ்வரி ரீச்சர் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனா. மைதானத்துக்கு இனி அவள் போக முடியாது. அருந்ததியின் தகப்பன் விசுவமடுவில் வயல் செய்கிறவர். மகளை டொக்டராக்க வேண்டும் என்று விதைநெல்லைக்கூட விற்றுப் படிப்பிக்கிற மனிதர். அருந்ததிதான் ஒரு நாள் நேரே வந்து முன்னால் நின்றாள்.

"உன்ர வாயால எங்கட கெமிஸ்ட்ரி போச்சு. சந்தோசமோ?"

"நான் மட்டுமே? நீங்கள் எல்லாரும் சேர்ந்துதானே சிரிச்சனீங்கள்."

"ஓம், சிரிச்சனாங்கள். அண்டைக்கு உனக்கும் சிரிச்சனாங்கள். நீ பள்ளிக்கூடத்தை விட்டிட்டோ போனனீ? இருந்து படிச்சு முதலாவது வந்தனீ. அந்தாளுக்கு உன்னளவு தோல் தடிப்பில்லை. உனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் குத்தினனீ."

இந்த முறை எழும்பிப் போனது எமில்டாதான்.

அதிபர் கூப்பிட்டுத் திட்டவில்லை. "நாங்கள் எல்லாரும் போய்க் கேட்டாச்சு. நீர் ஒருக்காப் போய்ப் பாரும்" என்று மட்டும் சொன்னா. மூன்று நாள் அவள் போகவில்லை. நாலாம் நாள், அருந்ததி புத்தகத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்க வழியில்லாமல் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டுப் போனாள்.

சேர் இருந்த காணி கைவேலி என்ற ஊர்ப் பக்கம். நாலு பக்கமும் பனையோலை வேலி. படலையைத் திறந்த அவருடைய மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனா. முற்றத்து மாமரத்துக்குப் பக்கத்தில் சேர் கப்புக்கால் நட்டுக்கொண்டிருந்தார். ஒரு கொட்டில் அரைவாசி எழும்பியிருந்தது. சறத்தை மடித்துக் கட்டி, முழங்கால்வரை மண்ணாக நின்ற அவரை எமில்டா அப்படிப் பார்த்ததில்லை. வேலி ஓரத்தில் ஒரு பழைய கரும்பலகை சாத்தியிருந்தது.

"பிள்ளையள் பாவம் சேர். அவையளுக்காக வாங்கோ" என்றாள்.

அவர் அலவாங்கை நிலத்தில் ஊன்றினார். "பள்ளிக்கூடத்துக்கு நான் வரமாட்டன். இந்தக் கொட்டில் முடியட்டும், அவையளைப் பின்னேரத்தில இஞ்ச வரச்சொல்லும். மற்றப் பள்ளிக்கூடப் பிள்ளையளும் வரட்டும். ஒருத்தரும் ஒண்டும் தரவேண்டாம்."

"சரி சேர்."

"நீர் வரவேண்டாம்."

பழையபடி 'நீர்'. அது மரியாதையா, எதிரிக்குக் கொடுக்கும் தூரமா என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

"நீர் மன்னிப்புக் கேட்க வரேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அவர். "கேட்டாலும் எனக்கு அது வேண்டாம்."

"நீங்களும் கேக்கேல்லை, சேர்."

மாமரத்தில் ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. சேரின் மனைவி ஒரு தம்ளரில் தேத்தண்ணி கொண்டுவந்து திட்டில் வைத்துவிட்டுப் போனா. யாரும் அதைத் தொடவில்லை.

"ஓம்" என்றார் சேர் கடைசியில். "நானும் கேக்கேல்லை." அலவாங்கைத் தூக்கி அடுத்த கிடங்கைத் தோண்டத் தொடங்கினார்.

அடுத்த கிழமை வகுப்பு தொடங்கியது. அருந்ததி வந்து, "என்ர கொப்பியைத் தாறன், பாத்து எழுது" என்றாள். குரலில் கோபம் குறைந்திருந்தது. எமில்டா தலையாட்டி மறுத்தாள். கொப்பி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தப் பாடத்தை அந்த வாயிலிருந்துதான் எடுக்கவேண்டும், அந்த மனிதர் விரும்பாமல், அவரிடமிருந்தே எடுக்கவேண்டும். வீட்டில் அம்மாவிடம் விசயத்தைச் சொன்னபோது இராசாத்தி வலையைக் கீழே வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். "அவர் வளவுக்குள்ளதானே வரவேண்டாமெண்டவர்? வெளியில போற ஒழுங்கை அவர் எழுதி வாங்கினதே?" என்றாள்.

அன்று பின்னேரம் சைக்கிள்கள் எல்லாம் படலைக்குள் போன பிறகு எமில்டா ஒழுங்கையால் வந்து, கொட்டிலுக்கு நேரே, வேலிக்கு வெளியே, ஒரு மரக்குற்றியை உருட்டிப் போட்டு இருந்தாள். ஓலையிடுக்கால் ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் துல்லியமாகக் கேட்டது. அவள் எழுதினாள். சந்தேகம் வந்த இடத்தில், அவளுக்குப் பதிலாக உள்ளே இன்னொரு பிள்ளை கேட்கும்வரை பொறுத்திருந்தாள். இரண்டாம் நாள் அவளுக்குப் புரையேறி இருமல் வந்தது. வாயைப் பொத்துவதற்குள் சத்தம் போய்விட்டது. உள்ளே பாடம் அரைவசனத்தில் நின்றது. வேலியின் கீழ்ப்பக்கம் ஓலை இற்றுப்போயிருந்தது. அதற்குள்ளால் அவளுடைய செருப்பு உள்ளே தெரியும் என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். காலை இழுக்கவில்லை.

சேர் மறுபடி தொடங்கினார், ஆனால் குரலைத் தாழ்த்தித் தொடங்கினார். எமில்டா குற்றியை வேலிக்குக் கிட்ட நகர்த்தினாள். அவர் இன்னும் தாழ்த்தினார். அவள் ஓலையில் தோள் முட்ட இருந்தாள். "சேர், பின்னுக்குக் கேக்கேல்லை" என்று உள்ளே ஒரு பெடியன் சொன்னான். "கேக்காட்டி முன்னுக்கு வாரும்" என்றார் அவர். வாங்குகள் இழுபடும் சத்தம் கேட்டது. முழு வகுப்பும் முன்னுக்கு நகர்ந்தது. வெளியே அவளும் நகர்ந்தாள். இனி நகர இடமில்லாமல் வேலிதான் நின்றது.

உள்ளே பேச்சு முற்றாக நின்றது. வெண்கட்டி கரும்பலகையில் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. எமில்டா மூச்சை அடக்கிக்கொண்டு காதை ஓலையோடு ஒட்டினாள். ஒரு வளைவு, அது காபன். இரண்டு குத்துக்கோடு, நடுவில் அவற்றைச் சேர்த்து ஒரு குறுக்குக்கோடு, அது ஐதரசன். பிறகு மெல்லிய ஒரு தட்டு, காலடியில் எழுதுகிற சின்ன இலக்கமாக இருக்கவேண்டும். அதன்பின் நீளமாக ஒரு கோடு விலகி விலகிப் போயிற்று. சற்று நின்று இன்னொரு நீளக்கோடு கிட்டக் கிட்டத் திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் நடக்கிற மீள்தாக்கம் அது: அவள் குனிந்து, மடியில் வைத்த கொப்பியில் போகிற அம்புக்குறி ஒன்றையும் அதற்குக் கீழே வருகிற அம்புக்குறி ஒன்றையும் கீறினாள். வேலிக்கு உள்ளே வெண்கட்டி நின்றுவிட்டது. வெளியே அவளும் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள்.